விவேகபுரத்தார் ஆடு தொலைத்த கதை

விவேகபுரத்துக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. ஊரைப் பார்க்காமலேயே வைத்திருக்க வேண்டும். நான் அந்த ஊர் மருமகன். பெண்ணெடுத்த உரிமையில் சொல்கிறேன். வேறு எவனாவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

தேரி என்று சொல்கிற செம்மணல் காட்டின் ஓரத்தில் ஒரே தெரு, நாலு பக்கமும் பனை, நடுவில் மணிக்கூண்டோடு ஒரு சின்ன வேதக்கோயில். அவ்வளவுதான் ஊர். ஆனால் நல்ல ஜனங்கள், சும்மா சொல்லக்கூடாது. பொய் தெரியாது, களவு தெரியாது, வந்தவனைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அவர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. ஏழு ஊருக்குச் சேர்த்து ஒரே ஒரு பாஸ்டர். ஜோதிநாயகம் ஐயா என்று பெயர். பாவம், ஒரு பழைய மோட்டார் பைக்கை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார். விவேகபுரத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் முறை வரும். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர் ஞானாபரணம் அண்ணாச்சியே அந்த வாரத்துக்குக் குறித்த வேதபாகத்தை வாசித்து முடிப்பார். எங்களுக்கென்று முழுசாக ஒரு பாஸ்டர் வேண்டும் என்று அண்ணாச்சி கேட்காத இடமில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு வாசித்த பாகத்துக்குச் செவ்வாய் சாயங்காலம் கோயில் வாசலில் உட்கார்ந்து அர்த்தம் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அர்த்தம் பார்க்க நாலு பேர். ஞானாபரணம் அண்ணாச்சி தலைவர். வேதமாணிக்கம் விளக்கம் சொல்வார். ஊரில் மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பொறுப்பு தானாக அவரிடம் வந்து சேர்ந்தது. தங்கப்பழம் சந்தேகம் கேட்பார். நாலாவது ஆள் ஆசீர், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அதைச் செய்ய வேண்டியவன் அவன்.

ஒரு தடவை பாஸ்டர் ஐயா வந்தபோது, போன மாதம் என்ன பாகம் வாசித்தீர்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ஐயாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. "இனிமே வாசிச்சதோட விட்டுராதீங்க. அந்தந்த வாரத்துப் பாகத்துல என்ன இருக்கோ, அதை அந்த வாரமே வாழ்ந்து பாருங்க. அப்பதான் மண்டையில நிக்கும்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். சொன்னது இவ்வளவுதான். இதற்குமேல் நடந்ததற்கெல்லாம் அவர் பொறுப்பில்லை.

முதல் வாரத்துப் பாகம், இரண்டு சட்டை வைத்திருப்பவன் சட்டை இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது. செவ்வாய்க்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஊரில் எல்லாரிடமும் இரண்டு சட்டை இருந்தது. இல்லாதவன் ஒருவன்கூட அகப்படவில்லை. இப்படியே போனால் ஊரே வேதத்தை மீறியதாக ஆகிவிடுமே என்று ஞானாபரணம் அண்ணாச்சி கவலைப்பட்டார். கடைசியில் தங்கப்பழம் எழுந்து, ஊருக்காக நான் இல்லாதவனாக ஆகிக்கொள்கிறேன் என்று சொல்லித் தன் சட்டை இரண்டையும் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டார். எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு சட்டை என்று கொண்டுவந்து அவர் வீட்டில் குவித்தார்கள்.

இப்போது தங்கப்பழத்திடம் மூட்டை நிறையச் சட்டை, மற்றவர்களிடம் ஒன்று ஒன்று. அவரும் கொடுத்தாக வேண்டுமே. ஆனால் ஒன்று வைத்திருப்பவனுக்குக் கொடுக்க வேதத்தில் இடமில்லை, இல்லாதவனுக்குத்தான் கொடுக்கலாம் என்று வேதமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆகவே எல்லாரும் வரிசையாகப் போய் மிச்சமிருந்த ஒன்றையும் கிணற்றில் போட்டுவிட்டு, தங்கப்பழத்திடம் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். வார முடிவில் ஊரில் ஒருவனுக்கும் சட்டை அளவாக இல்லை. அண்ணாச்சிக்கு ஆசீருடைய சட்டை கிடைத்தது. பித்தான் ஒன்றுகூடப் பூட்ட முடியவில்லை; ஆனால் மனசு நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம், விளக்கை ஏற்றி மரக்காலுக்கு அடியில் மறைத்து வைக்கக் கூடாது என்ற பாகம். வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் எப்படி வைக்காமல் இருப்பது என்று தங்கப்பழம் சந்தேகம் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். கோயிலுக்குள் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு விளக்கை ஏற்றி மரக்காலைக் கவிழ்த்தார்கள். கும்மிருட்டு. "சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார் வேதமாணிக்கம். பிறகு மரக்கால் எங்கே என்று தடவித் தடவி ஒருவர் காலை ஒருவர் மிதித்து, வேறு ஒரு விளக்கை ஏற்றித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டாவது விளக்கை எங்கே வைப்பது? அடியில்தானே கூடாது, மேலே வைக்கலாமே என்றான் ஆசீர். அன்றிலிருந்து மரக்கால் கோயிலில் விளக்குக்குத் தண்டாக நிற்கிறது. நெல் அளக்க வேண்டியவர்கள் கோயிலுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். மூன்றாவது வாரம் வந்ததுதான் ஆட்டுப் பாகம். நூறு ஆடு வைத்திருந்த ஒருவனுக்கு ஒன்று காணாமல் போகிறது. மற்றதையெல்லாம் வனாந்தரத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறான். வாசித்து முடித்ததும் அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்தார். விவேகபுரத்தில் ஆடு உண்டு, வனாந்தரத்துக்குத் தேரி உண்டு, தோள் ஆளுக்கு இரண்டு உண்டு. ஆனால் ஒரு ஆடும் காணாமல் போகவில்லை.

"காணாமப் போகாத ஆட்டை எப்படித் தேடுறது?" என்றார் தங்கப்பழம்.

"முதல்ல தொலைக்கணும்" என்றார் வேதமாணிக்கம்.

ஊரில் ஆடு வைத்திருந்தது கிருபைமணி ஒருத்திதான். அண்ணாச்சியின் கூடப்பிறந்த தங்கச்சி. புருஷன் போனபிறகு அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆட்டை வைத்துத்தான் அவளுக்குப் பிழைப்பு. அதில் கருப்பி என்று ஒன்று. தாய் ஆடு ஈன்றவுடன் செத்துப்போனதால், புட்டியில் பால் ஊட்டி, மடியில் போட்டு வளர்த்த குட்டி. அது இப்போது தலையீத்துச் சினையாக, வயிறு தரையில் இழுபடாத குறையாக நடந்துகொண்டிருந்தது. கிருபைமணி ராத்திரியில்கூட எழுந்து தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். அவளுக்கு உலகத்தில் இருந்த ஆசையெல்லாம் அந்தக் கருப்பி நல்லபடியாக ஈன்று எழ வேண்டும் என்பதுதான்.

நாலு பேரும் போய் விஷயத்தைச் சொன்னார்கள். மந்தையைத் தருகிறேன், தொலைக்கத்தானே, அந்தக் கிழட்டுக் கிடாவைக் கொண்டுபோங்கள் என்றாள் அவள். அது போனால் அழுவாயா என்று வேதமாணிக்கம் விசாரித்தார். அது முட்டாத ஆள் ஊரில் இல்லை, போனால் சந்தோஷம்தான் என்று கிருபைமணி உள்ளதைச் சொன்னாள். அப்படியானால் செல்லாது, மனசு பதறித் தேடினால்தான் பாகம் நிறைவேறும் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லார் கண்ணும் கருப்பி மேல் போனது.

"அண்ணே, இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றாள் கிருபைமணி.

பொழுது சாயுமுன்னே என் தோளில் தூக்கிக்கொண்டு வந்து உன் வாசலில் இறக்குகிறேன் என்று அண்ணாச்சி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பாஸ்டர் ஐயா சொன்னதாயிற்றே, அண்ணன் வாக்காயிற்றே என்று அவளும் அரை மனசோடு கயிற்றைக் கொடுத்தாள்.

நூறுக்கு ஆடு போதவில்லை. மீதிக்கு ஊர்க் கோழிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். புதன்கிழமை மத்தியானம் ஆடும் கோழியுமாக ஒரு பெரிய ஊர்வலம் தேரிக்குப் போனது. கோழி அடைத்த பஞ்சாரக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் திட்டிக்கொண்டே நடந்தார்கள். எல்லாவற்றையும் செம்மண் மேட்டில் விட்டாயிற்று. இனி கருப்பியைத் தொலைக்க வேண்டும்.

அதற்குக் குறித்த ஆள் ஆசீர். ஆனால் தங்கப்பழம் விடவில்லை. இவன் கொண்டுபோய் ஒரு இடத்தில் விடுவான், விட்ட இடம் இவனுக்குத் தெரியும், தெரிந்த இடத்தில் இருக்கிற ஆடு எப்படிக் காணாமல் போன ஆடாகும் என்றார். மூன்று பேரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆசீரின் கண்ணை இறுக்கிக் கட்டினார். கயிற்றைக் கையில் கொடுத்து, எங்கே இருக்கிறோம் என்று உனக்கே தெரியாத இடம் வந்ததும் கயிற்றை விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினார்.

ஆசீர் சொன்னபடி கேட்கிறவன். நடந்தான். கருப்பி முன்னே போக இவன் பின்னே போனான் என்பதுதான் உண்மை. கொஞ்ச தூரம் போனதும், தெரியாத இடம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. பனைமேல் யாரோ பாளை சீவுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து, இது எந்த இடம் என்று கேட்டான். பனையேறி மேலிருந்தே, ஊருக்குத் தெற்கே, இரட்டை உடைமரத்துக்குப் பக்கம் என்று விவரமாகச் சொன்னார். ஆசீருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது தெரிந்துபோயிற்றே. மறுபடியும் முதலிலிருந்து நடந்தான். அதற்குப்பிறகு எதிரே ஆள் அரவம் கேட்டாலே, தயவுசெய்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று காதைப் பொத்திக்கொண்டான். காதைப் பொத்த இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கயிறு எங்கோ நழுவிப் போனது.

மேட்டில் இருந்த மூன்று பேரும், போதுமான அளவுக்குத் தொலைந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, தேடக் கிளம்பினார்கள். அதிகம் அலையவில்லை. ஒரு ஓடைப் பள்ளத்தில் ஆசீர் கண்கட்டோடு ஒரு முள்மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தான். கட்டை ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டதற்கு, அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றான். காணாமல் போனவன் கிடைத்துவிட்டான் என்று அவர்களுக்கு ஒரே ஆனந்தம். ஆசீரை மூன்று பேரும் சேர்ந்து தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஊருக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். எல்லாரும் அவரவருக்குத் தெரிந்த மட்டும் சந்தோஷப்பட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. வனாந்தரத்தில் விட்ட ஆடும் கோழியும் வழக்கம்போலத் தாமாகவே வீட்டுக்கு வந்து அடைந்தன. கிருபைமணி பட்டியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தெருவுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, கருப்பி எங்க?"

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு காணாமப் போகணும், ஒண்ணு கிடைக்கணும். ஆசீரு கிடைச்சிட்டானே தங்கச்சி" என்றார்.

கிருபைமணி அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை, கத்தவில்லை. தேரியில் இருட்டினால் நரி வரும் என்று மட்டும் சொன்னாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விவேகபுரத்தாரிடம் என்ன குறை இருந்தாலும், பிறர் அழுதால் தாங்கமாட்டார்கள். அண்ணாச்சி காப்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். ஆசீர் விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். கோயில் விளக்கை மரக்காலோடு தூக்கிக்கொண்டு ஊரே தேரிக்கு ஓடியது.

தேடியதென்னவோ எல்லாரும்தான். கண்டது கிருபைமணி. புட்டிப்பால் காலத்தில் கூப்பிட்ட அதே குரலில் அவள் நாக்கைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். இரட்டை உடைமரத்தடியிலிருந்து மெதுவாக ஒரு பதில் வந்தது. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால், கருப்பி கால் மடக்கிப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஈரம் காயாத ஒரு குட்டி, எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்துகொண்டிருக்கிறது. கிருபைமணி கருப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தில் முத்தம் கொடுத்தாள். எனக்குச் சொல்லும்போதே என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கும்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் தங்கப்பழத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காணாமல் போனது ஒன்று, கிடைத்திருப்பது இரண்டு. அப்படியானால் இந்த இரண்டாவது வேறு யாருடையதோ; அவன் இந்நேரம் மற்றதையெல்லாம் வனாந்தரத்தில் விட்டுவிட்டு இதைத் தேடிக்கொண்டிருப்பான்; நாம் தூக்கிக்கொண்டு போனால் அது களவாகாதா என்றார். எல்லாரும் திகைத்துப்போனார்கள். குட்டியை இங்கேயே விட்டுவிடுவதுதான் முறை என்று ஆசீர் அழுதுகொண்டே சொன்னான்.

கிருபைமணி குட்டியை மடியில் அள்ளிக்கொண்டாள். இது என்னுது என்றாள். அண்ணாச்சிக்குத் தங்கச்சிமேல் உயிர்தான். ஆனாலும் மூப்பர் அல்லவா, விசாரிக்காமல் விட முடியுமா. "கோவிச்சுக்காத கிருபை. உன்னுதுன்னா அடையாளம் சொல்லு. காணாமப் போகும்போது அது எப்படி இருந்துச்சு?"

"போகும்போது அது பொறக்கவே இல்லண்ணே."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லையாம். போகும்போது ஒன்று, கிடைக்கும்போது இரண்டு; காணாமல் போகாத மற்ற ஆடுகளெல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன; ஆகவே காணாமல் போனதால்தான் இது இரண்டானது, பாகத்தின் உள்ளர்த்தமே இதுதான் என்று விளக்கினார். ஊர் முழுவதும் மெய்சிலிர்த்து நின்றது. கிருபைமணிக்கு வாதாட நேரமில்லை. குட்டியை மடியிலும் கருப்பியை அண்ணாச்சியின் தோளிலுமாகப் போட்டு வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.

ஞாயிறு வந்தது, பாஸ்டர் ஐயாவின் முறையும் வந்தது. ஆராதனை முடிந்ததும், இந்த மாதம் என்ன பாகம் வாசித்தீர்கள் என்று கேட்டார். சபையே எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பித்தது. ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டைகளைப் பற்றியும் மரக்காலைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நல்லது என்று தோன்றியிருக்கும். ஆட்டுப் பாகத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டார்.

வேதமாணிக்கம் விவரமாகச் சொன்னார். கிருபைமணி குட்டியைத் தூக்கிக் காட்டினாள். ஐயா முதலில் சிரித்தார். அப்புறம் வாசல் கதவைத் தங்கப்பழம் ஏன் சாத்துகிறார் என்று திரும்பிப் பார்த்தார். ஆசீர் ஒரு துண்டை எடுத்து, துவைத்து மடித்த புதுத் துண்டு, உதறி நீளவாக்கில் மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

ஞானாபரணம் அண்ணாச்சி பித்தான் பூட்டாத சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் குனிந்தார்.

"ஏழு ஊருக்கு நீங்க ஒத்தையா கிடந்து அலையுதீங்க. எங்களுக்கும் மனசு கேக்கல. ஒண்ணும் பயப்படாதீங்கய்யா, பொழுது சாயுமுன்ன தோள்ல தூக்கிட்டு வந்து இங்கயே எறக்கிருவோம்" என்றார். "ரெண்டு பேரையும்."